தவ என்றால் இன்னும்

தவமலர் அன்ரி மோசம் போய்விட்டார் என்று தம்பி வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. பம்பலப்பிட்டியில் ரியூசன் முடிந்து வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பொய்ச்செய்தி உற்பத்தி செய்வது என் தொழில். கணக்கு மாஸ்டருக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பியவள் நான். ஆகவே அவன் பழைய கணக்கொன்றைத் தீர்க்கிறான் என்றுதான் நினைத்தேன்.

"டேய், சாவில பகிடி விடக்கூடாது."

"நீ விடுவாய். நான் விடமாட்டன்," என்றான். "அம்மா உடன வரட்டாம்."

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கு ஏறியபோது எதிர்வீட்டில், அன்ரியின் வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. அப்போதுதான் நம்பினேன். அந்த வாசலில் அத்தனை செருப்பை யாரும் அதற்கு முன் கழற்றியதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவர் அன்ரியின் தமக்கையார். "சங்கீத சபைக்காரரும் நினைவு மலருக்கு ஒண்டு எழுதி அனுப்பியிருக்கினம். வாசிச்சுப் பாத்தன். அதில என்ர தங்கச்சியைக் காணேல்லை. நீ எழுது பிள்ளை, பகிடி விடாமல்," என்றார். முதற்பகுதியை நிறைவேற்றுகிறேன். இரண்டாம் பகுதிக்கு உத்தரவாதம் இல்லை. பிறக்கும்போது தவமலர் என்று பெயர் வைத்தார்கள். இறந்ததும் உடலை மலர்ச்சாலையில் வைத்தார்கள், மலர்வளையம் சாத்தினார்கள், இப்போது நினைவு மலரும் அச்சாகிறது. கொழும்பில் ஒரு மலருக்குக் கிடைக்கவேண்டியதெல்லாம் அவருக்குக் கிடைத்தது. கச்சேரி மேடை மட்டும் கிடைக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். செல்வி தவமலர் யாழ்ப்பாணத்தில் பெயரெடுத்த பாடகி. கோயில் திருவிழாக்களில் அவர் பாடத் தொடங்கினால் வீதி மணலில் இருந்த சனம் மங்களம் கேட்காமல் எழும்பாது என்று அம்மா சொல்லுவார். சண்டை துரத்தியதால் தமக்கையோடு கொழும்புக்கு வந்தார். தற்காலிகமாக வந்தோம் என்றார்கள். கொழும்பில் எங்கள் எல்லோருடைய விலாசமும் அதுதான்.

அவர் வந்த புதிதில் அவருடைய வீட்டு மணியை அடித்துவிட்டு ஓடுவது என் பொழுதுபோக்கு. ஒருநாளும் அவர் கதவைத் திறந்து ஏசவில்லை. ஒருநாள் மாடிப்படியில் அம்மாவிடம் மிக மரியாதையாகச் சொன்னார்: "உங்கட மகள் எங்கட பெல்லில ஒவ்வொரு நாளும் காந்தாரமும் சட்ஜமும் வாசிச்சிட்டு ஓடுறா. நல்லாத்தான் வாசிக்கிறா. ஒருக்கா ரிஷபத்தையும் சேத்து வாசிக்கச் சொல்லுங்கோ."

அம்மா என் காதைத் திருகினார். அன்றிலிருந்து மணியடித்துவிட்டு ஓடாமல் நின்றேன். எனக்குச் சங்கீதம் வராது, இன்றுவரை வரவில்லை. அவரும் கற்பிக்க முயலவில்லை. "உனக்கு வாய் மட்டும் காணும், பாட்டு வேண்டாம்," என்றார்.

அந்த மாடிவீடுகளின் சொந்தக்காரர் பயந்தவர். தமிழருக்கு வீடு கொடுத்த தமிழர். அன்ரி காலையில் சாதகம் செய்யத் தொடங்கி ஒரு கிழமை ஆவதற்குள் படியேறி வந்தார்.

"பிள்ளை, பாடவேண்டாமெண்டு சொல்லேல்லை. தமிழில பாடாதேங்கோ. கீழ் வீட்டு ஆக்கள் இயக்கப் பாட்டெண்டு நினைச்சுச் சொல்லிவிட்டால், பொலிஸ் வந்து என்ன ராகமெண்டு கேக்காது."

"அப்ப சொல்லில்லாமல் பாடலாமோ அண்ணை?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சொல்லில்லாட்டி எனக்கென்ன. பாடுங்கோ."

அதிலிருந்து எதிர்வீட்டில் 'ஆ' என்ற வெறும் அகாரம்தான். ஒரு கிழமை முழுக்கத் தோடி. அடுத்த கிழமை முழுக்கச் சாவேரி. கடற்கரை ரயில் போகும்போது நிறுத்துவார், போனதும் விட்ட இடத்திலிருந்து எடுப்பார். தோடியில் வரும் காந்தாரத்தை, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடப்பதுபோல, வைத்து ஆட்டிக்கொண்டேயிருப்பார். அது ஓய்ந்து கண்ணயர்ந்த பிறகுதான் இறக்கி வைப்பார். நான் இந்தப் பக்கம் கணக்குச் செய்துகொண்டிருப்பேன். பிள்ளை இறங்கும் வரைக்கும் என் பேனையும் அந்தரத்தில் நிற்கும். அகாரம்தான் எனக்கு ஆகாரம் என்று அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். "நாசமாப் போன வாய்," என்று சிரித்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு மாலை. பக்கவாத்தியத்தோடு ஒரு முழுக்கச்சேரி. ஒவ்வொரு ஆண்டும் சபையின் காரியதரிசியிடம் போய்க் கேட்டார். காரியதரிசி என்றால் காரியம் இருக்கும்போது மட்டும் தரிசனம் தருபவர். அவருடைய பதில் மாறியதே இல்லை.

"உள்ளூர் ஆக்களுக்குச் சனம் வராது தங்கச்சி. வாறமுறை பாப்பம். ஆனா இந்தமுறை இறைவணக்கத்துக்கு உங்களை விட்டால் ஆர்?"

இப்படித்தான் யாழ்ப்பாணத்தில் விடியவிடியப் பாடியவர் கொழும்பில் இரண்டு நிமிடப் பாடகியானார். இந்தியாவிலிருந்து வித்துவான்கள் வருவார்கள். அன்ரி மேடை ஓரத்து ஒலிவாங்கி முன்னால் நின்று ஒரு தேவாரம் பாடுவார். மண்டபம் எழுந்து நிற்கும். அவர் முடித்ததும் கதிரைகள் கிறீச்சிடும், எல்லோரும் அமர்ந்து இருப்பார்கள், அதன் பிறகு கச்சேரி ஆரம்பமாகும். நூல் வெளியீடு, பரிசளிப்பு, திருமணம் எல்லாவற்றிலும் அதே கதை.

"கொழும்பிலேயே சபை எழும்பி நிண்டு கேக்கிற ஒரே பாடகி நீங்கள்தான் அன்ரி," என்று ஒருமுறை சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அவை எழும்புறது சாமிக்கு. பாட்டுக்காரிக்கு முன்னால சனம் கதிரையில இருக்கவேணும் பிள்ளை. நிக்கிற ஆள் எப்ப முடியுமெண்டு பாத்துக்கொண்டு நிக்கும். இருக்கிற ஆள்தான் கேக்கும்."

ஒருநாள் பின்னேரம் அப்படியொரு இறைவணக்கத்துக்கு அவரோடு துணைக்குப் போனேன். காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அன்ரியின் பையில் மின்சாரச் சுருதிப் பெட்டி இருந்தது. கறுப்புப் பெட்டி, வயர், பற்றரி. அந்த நாளில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பையில் இருக்கக்கூடாத எல்லாம் அதில் இருந்தன.

"மேக்க மொகத்த?" என்று சிங்களத்தில் கேட்டான் ஆமிக்காரன். இது என்ன.

"சங்கீத," என்றார் அன்ரி. பெட்டியைப் போட்டுக் காட்டினார். அது ரீங்கரித்ததும் அவன் ஓரடி பின்னால் போனான். பிறகு பாட்டுக்காரி என்றால் பாடு பார்ப்போம் என்றான். நடைபாதையில், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, அன்ரி அகாரத்தில் மோகனம் பாடினார். பின்னால் வரிசை நீண்டது. அவன் மற்றவர்களின் பைகளைக் கிளறிக்கொண்டிருந்தான். அன்ரி நிறுத்தினார். அவன் நிமிராமலே, "தவ," என்றான்.

அன்ரி தன் அட்டையை நீட்டினார். பெயரைக் கேட்கிறான், அதையும் அரைவாசியில் விழுங்கிவிட்டான் என்று நினைத்திருக்கிறார். அவனுக்கு எரிச்சல் வந்தது. "தவ, தவ. தவ கியன்ன."

"அன்ரி, பேர் கேக்கேல்லை," என்றேன். "தவ எண்டால் இன்னும். இன்னும் பாடட்டாம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அவன் ரசித்தான் என்று நான் எழுதப்போவதில்லை. கடைசிப் பையையும் கிளறி முடித்ததும் கையால் போகச் சொன்னான், அவ்வளவுதான். மண்டபத்துக்குப் பிந்திப் போய்க் காரியதரிசியிடம் ஏச்சு வாங்கினோம். திரும்பி வரும்போது அன்ரி சொன்னார்: "கொழும்புக்கு வந்த நாளில இருந்து என்னை இன்னும் பாடெண்டு கேட்டவன் துவக்கோட நிண்டவன் ஒருத்தன்தான்."

அதற்கடுத்த இசைவிழாவுக்குச் சென்னையிலிருந்து பெயர்பெற்ற பாடகி ஒருவர் வந்திருந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. வழமைபோல் அன்ரியை அழைத்தார்கள். வழமைபோல் எல்லோரும் எழுந்தோம். ஆனால் அன்ரி ஓரத்து ஒலிவாங்கியிடம் போகவில்லை. நேரே நடுமேடைக்குப் போய், சென்னைப் பாடகிக்கு விரித்திருந்த விரிப்பின் விளிம்பில் சம்மணம் கட்டி இருந்து, சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தார். பகிடியில் நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக்கூட ஒரு சொல் சொல்லவில்லை.

விருத்தம் பாடினார். கடவுளைப் பற்றிய நாலே நாலு வரி. விருத்தத்துக்குத் தாளம் இல்லை, பக்கவாத்தியம் தேவையில்லை, எவ்வளவும் விரிக்கலாம். முதல் வரியைத் தோடியில் எடுத்தார். அந்தக் காந்தாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். காரியதரிசி திரைமறைவில் நின்று முடிக்கச் சொல்லிக் கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். வீடியோக்காரர் இது இறைவணக்கம்தானே என்று கமராவை நிறுத்திவிட்டார். இரண்டாம் வரி காம்போதிக்குப் போனது. முன்வரிசையில் பிரதம விருந்தினர் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறினார். சாமிப் பாட்டு முடியாமல் எப்படி இருப்பது, இருக்காமல் எவ்வளவு நேரம் நிற்பது.

மூன்றாம் வரி சாவேரி. சொல்லை எடுக்காமல் வெறும் அகாரத்திலேயே நெடுநேரம் நின்றார். வீட்டுக்காரரின் புண்ணியத்தில் ஆண்டுக்கணக்காகப் பழகியது. அப்போது ஒரு முதியவர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். பிறகு அவர் மனைவி. பிறகு ஒரு வரிசை. கதிரைகள் கிறீச்சிட்டன, ஆனால் பாட்டு நிற்கவில்லை. பிரதம விருந்தினரும் இருந்தார். அன்ரி கண்ணைத் திறந்து ஒருமுறை மண்டபத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பாடியதை எழுத எனக்குச் சொல் இல்லை. அவரிடமும் சொல் இருக்கவில்லை, அது அவருக்குப் பிரச்சினையாகவும் இருக்கவில்லை. கடைசி வரியை மத்தியமாவதியில் பாடி முடித்து எழுந்தார். இறைவணக்கத்துக்குக் கைதட்டும் வழக்கம் இல்லை. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் சுருதிப் பெட்டியை எடுக்க உள்ளே ஓடினேன். சென்னைப் பாடகி திரையோரம் நின்றுகொண்டிருந்தார். "யாரு சார் அவங்க? அவங்க கச்சேரி என்னிக்கு? நான் இருந்து கேட்டுட்டுப் போறேன்," என்று காரியதரிசியிடம் கேட்டார்.

"அவ கச்சேரி செய்யிறேல்லை அம்மா. தேவாரம் மட்டும்தான்," என்றார் காரியதரிசி.

அன்ரி பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் கேட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்தோம். "முன்வரிசை முழுக்க இருந்திட்டுது அன்ரி, பாத்தனீங்களோ?" என்றேன்.

"பாத்தன். கால் நொந்துதான் இருந்தவை." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "எண்டாலும் இருந்தவை," என்றார்.

அதன்பிறகு அவரை இறைவணக்கத்துக்கும் கூப்பிடவில்லை. பாடசாலைப் பிள்ளைகள் பாடிய கசற் ஒன்றைப் போட்டார்கள். கசற் நேரத்துக்கு முடியும். அன்ரி எங்கள் மாடிவீட்டு ஆட்களுக்காவது மொட்டைமாடியில் ஒரு கச்சேரி செய்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். ஆட்கள் கூடினால் என்ன கூட்டம் என்று பொலிஸ் வரும் என்றார் அவர். "சொல்லில்லாமல் பாடச் சொன்னார், பாடினன். இப்ப ஆக்களில்லாமல் பாடட்டாம்," என்று அன்ரி அம்மாவிடம் சொன்னார். அதையும் செய்தார். இரண்டு மாதத்துக்குள் ஒரு காலையில், சாதகத்துக்கு இருந்த இடத்திலேயே, அவர் இதயம் நின்றுவிட்டது.

போன ஞாயிறு சபை இரங்கல் கூட்டம் வைத்தது. எந்த மண்டபத்தில் அவருக்கு ஒரு மாலை கிடைக்கவில்லையோ, அதே மண்டபத்தில் முழு மாலை கிடைத்தது. படத்துக்கும் மாலை போட்டிருந்தார்கள். உள்ளூர் ஆளுக்குச் சனம் வராது என்பதும் பொய். இருக்க இடமில்லை. "அன்னார் இருந்தபோது இந்தச் சபையின் இதயமாக விளங்கினார்," என்று காரியதரிசி கண்ணைத் துடைத்தார். அவர் இருந்தபோது நீங்கள் ஏன் ஒருக்காலும் இருக்கவில்லை என்று கேட்க வாய் உன்னியது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

கடைசியில் அன்னாரின் தேன்குரலைக் கேட்போம் என்று தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களிடம் இருந்தது பழைய விழா ஒன்றின் வீடியோ. திரையில் அன்ரி ஓரத்து ஒலிவாங்கி முன்னால் வந்து நின்றார். கைகூப்பினார். தேவாரத்தின் முதல் ஒலி வந்ததும், பழக்கதோசம், முன்வரிசை எழுந்தது. முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை எழுந்தது. காரியதரிசியும் கைகட்டி நின்றார். மண்டபம் முழுக்க நின்றது.

"எழும்பு பிள்ளை," என்றார் அம்மா.

"நான் இருக்கிறன்."

"சனம் பாக்குது."

"பாக்கட்டும் அம்மா. ஆராவது இருந்து கேக்கவேணும்."

அம்மா என்னைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

எங்களுக்கு முன்னால் முதுகுகள்தான் தெரிந்தன. திரை தெரியவில்லை, உங்கள் முகமும் தெரியவில்லை அன்ரி. குரல் மட்டும் அந்த முதுகுகளுக்கு மேலால் வந்தது. அவ்வளவு பெரிய மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேர். முடியும்வரைக்கும் இருந்து கேட்டோம். போய்வாருங்கள்.