எல்லோருக்கும் ஒரே வாக்கியம்

புனேயில் கராடி பைபாஸ் சிக்னலைத் தாண்டி ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது ஜோசப் கூப்பிட்டார். ஹெட்போன் மாட்டியிருந்ததால் எடுத்துவிட்டேன். "பாண்டியன், வண்டி ஓட்டுறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ஓரமா நிறுத்திக்கோங்க. நிறுத்திட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்." ஒரு வடாபாவ் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நிறுத்துவதற்குள்ளாகவே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்னார். "பிலோமினா காலைல போயிட்டா."

யாருக்கும் மெசேஜ் போடக் கூடாது, கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும், கூப்பிட்டதும் அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்று கணவர் ஜோசப்பிடம் பிலோமினா சொல்லி வைத்திருந்தாராம். சாகும்போதும் வேலையை விடவில்லை அந்த அம்மாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வடாபாவ்காரர் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தார்.

புனேத் தமிழர்களில் பலருக்கு பிலோமினா அவர்களை கன்டோன்மென்ட் பக்கத்துத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் தெரிந்திருக்கும். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பம். அவருடைய தமிழில் பாதி ஹிந்தி, கொஞ்சம் மராத்தி. படிக்கத் தடுமாறுவார், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் என்ன வேலை பார்த்தார் என்பது அந்தப் பாடகர் குழுவிலேயே பலருக்குத் தெரியாது. "போன்ல மணி அடிக்கிற வேலை" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முடிவுகளை மக்களின் போனுக்கு அனுப்பும் செயலி ஒன்று எங்கள் நிறுவனத்துடையது. அந்தச் செயலி எப்போது மணி அடிக்க வேண்டும், அடித்தால் என்ன சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பது அவர் பொறுப்பு. அவர் தீர்மானித்ததை அனுப்பி வைக்கும் நிரலை எழுதுவது என் பொறுப்பு. ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள், அதனால் தாராளமாகச் சண்டை போட்டோம்.

அவர் வந்து சேர்ந்த காலத்தில் எங்கள் செயலி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்கும். கொலஸ்டிரால் பரிசோதனைக்குத் தள்ளுபடி என்று கூவும். "உங்கள் கல்லீரல் உங்களைத் தேடுகிறது" என்றுகூட ஒன்று இருந்தது. யார் எழுதியதோ, நல்லவேளை நான் இல்லை. முதல் கூட்டத்திலேயே அவர் அவை எல்லாவற்றையும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உரக்கப் படித்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"இதை ஒரு ஆளு உங்க வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்றார்னு வைங்க. நீங்க சாப்பிட்டுட்டு இருக்கீங்க. எழுந்து வந்து கதவைத் திறக்கிறீங்க. அவர் சொல்றார், கல்லீரல் தேடுதுன்னு. அவரை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். கதவைத் தட்டிச் சொல்லத் தகுந்தது எதுவோ அது மட்டும் இருக்கட்டும், மற்றது போகட்டும் என்பது அவர் கட்சி. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி முக்கால்வாசியை எடுத்துவிட்டார்.

அவருக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தால் வேலை ஓடாது. ஏரவாடாவில் எங்களோடு ஒப்பந்தம் செய்திருந்த ரத்தம் எடுக்கும் நிலையம் ஒன்று உண்டு. அங்கே நோயாளிகளோடு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்மணி அவரிடம் சண்டைக்கு வந்துவிட்டார். கர்ப்பப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது என்று போனின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் வந்து விழுந்ததாம். முதலில் பார்த்தவர் மாமியார். "போன் கர் கா ஹை, மேரா நஹீ" என்று அந்தப் பெண்மணி கத்தினாராம். போன் வீட்டுக்கே பொதுவானது, அவருடையது அல்ல. ஒரு போனுக்கு ஓர் ஆள் என்று விமான் நகர் காபிக் கடையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் அது செருப்படி. மறுநாளே பரிசோதனையின் பெயர் அறிவிப்பிலிருந்து போய்விட்டது.

பிறகுதான் அவர் தன் வாழ்நாளில் செய்த பெரிய தப்பு என்று சொல்லிக்கொள்ளும் காரியம் நடந்தது. முடிவு மோசமாக இருந்தால் அதை நோயாளி பேருந்தில் நின்றுகொண்டு தனியாகப் படிக்கக் கூடாது, மருத்துவர் எதிரில் இருந்து சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதனால் மோசமான முடிவுகளுக்கு மட்டும் மென்மையாக ஒரு வரி எழுதினார். 'உங்கள் மருத்துவரைச் சந்தித்துப் பேசுங்கள்.' சத்தமும் மெல்லியதாக வைத்தார். எங்களுக்கெல்லாம் அது மிகவும் பிடித்திருந்தது. நானே பாராட்டினேன்.

சில மாதங்கள் கழித்து அதே பெஞ்சில், அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரிக்‌ஷாக்காரரின் போன் மெல்லச் சிணுங்கியது. அவர் எடுத்துப் பார்த்தார். முடிவைத் திறக்கவே இல்லை. அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரைப் பார்க்கச் சொல்லும் மெசேஜ் யாருக்கு வரும் என்பது அந்தப் பேட்டை முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. பிலோமினா அவர்கள் அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"அரே பாண்டியன், நான் மெதுவா சொல்றேன்னு நினைச்சேன். மெதுவா சொன்னதுதான் சேதி ஆயிடுச்சு. நல்ல ரிப்போர்ட்டுக்கு ஒண்ணு, கெட்ட ரிப்போர்ட்டுக்கு ஒண்ணுன்னு இருக்கற வரைக்கும் நான் எவ்வளவு அழகா எழுதினாலும் அது திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடும்."

அதன்பின் எல்லோருக்கும் ஒரே வாக்கியம் என்று முடிவு செய்தார். நல்லதானாலும் கெட்டதானாலும் அதே சொல், அதே சத்தம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் லேப்பிலிருந்து ஒரு மனிதர் கூப்பிட வேண்டும், செயலியை மணியடிக்க விட்டு நழுவக் கூடாது. மராத்தி, ஹிந்தி, ஆங்கிலம் மூன்றையும் அவரே எழுதினார். தமிழை என்னிடம் கொடுத்தார். 'தங்களது பரிசோதனை அறிக்கை தயார் நிலையில் உள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன். "இது யாரு பேசறா? ஸ்டேஷன்ல ட்ரெயின் லேட்டுன்னு சொல்ற அம்மாவா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் எனக்குத் தமிழ் சொல்ல வருகிறார் என்று முறைத்தேன். ஆனால் கடைசியில் நின்றது அவர் வாயால் சொன்னதுதான்: 'உங்கள் ரிப்போர்ட் வந்திருக்கிறது. நேரம் கிடைக்கும்போது பாருங்கள்.' இதில் யாரையும் பயமுறுத்த ஒன்றும் இல்லை. ஏமாற்றவும் ஒன்றும் இல்லை.

எங்கள் வளர்ச்சிப் பிரிவின் தலைவர் ரோஹன் நல்ல மனிதர், பிலோமினா அவர்கள்மேல் உண்மையான மரியாதை உள்ளவர். அவர் ஒரு யோசனையோடு வந்தார். பெரும்பாலானவர்களின் முடிவு நன்றாகத்தானே இருக்கிறது, அவர்களுக்கு 'வாழ்த்துகள்! எல்லாம் சரியாக இருக்கிறது' என்று அனுப்பினால் என்ன? மக்கள் மகிழ்வார்கள், செயலியைத் திறப்பார்கள், நாலு பேரிடம் சொல்வார்கள். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். பிலோமினா அவர்கள் ஹிந்தியில் கேட்டார், குரலை உயர்த்தவே இல்லை: "வாழ்த்து வராத ஆளுக்கு நாம என்ன சொல்றோம் ரோஹன்?" அறை அமைதியாகிவிட்டது. அன்று அந்த யோசனை கைவிடப்பட்டது.

போன வருஷம் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், திசு எடுத்து அனுப்பினார்கள். எங்கள் செயலியோடு இணைந்த லேப்தான். மதியம் கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். என்னிடம் திருப்பிக் காட்டினார். அந்த வாக்கியம்தான். "திறங்க" என்றேன்.

"எதுக்கு? நேரம் கிடைக்கும்போதுன்னுதானே போட்டிருக்கு. இப்ப நான் சாப்பிடறேன்" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நானே எழுதினது, எனக்கே ஒண்ணும் தெரியலை பாருங்க. நல்லாத்தான் எழுதியிருக்கோம்."

கிச்சடியை முழுக்கச் சாப்பிட்டார். மோர் வாங்கிக் குடித்தார். பக்கத்து மேசையில் இருந்தவர்களின் குழந்தைக்குப் பெயர் வைப்பதில் யோசனை சொன்னார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், ஜோசப்பை உட்கார வைத்து, இரண்டு பேரும் சேர்ந்துதான் திறந்தார்கள். பின்னாளில் அதைப் பற்றி என்னிடம் சொன்னார். "அன்னிக்கு மத்தியானம் எனக்கு நல்லாவே போச்சு பாண்டியன். அதுக்கப்புறம் அப்படி ஒரு மத்தியானம் வரலை. ரோஹன் சொன்ன மாதிரி பண்ணியிருந்தா அதுவும் கிடைச்சிருக்காது."

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது மிகவும் மெலிந்திருந்தார். கட்டிலில் சாய்ந்தபடி அலுவலக வம்பெல்லாம் கேட்டார். நான் கிளம்பும்போது, "மாத்திட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். "நான் இல்லாத மீட்டிங்ல அது திரும்ப வரும். அப்ப நீங்க வாயைத் திறக்கணும். நீங்க எப்பவும் மூலைல உக்காந்து போன் பாத்துட்டு இருப்பீங்க" என்றார். திறப்பேன் என்று சொன்னேன். "அச்சா, அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கத்தன்று பாடகர் குழுவினர் பாடினார்கள். பலருக்குக் குரல் வரவில்லை. குழியில் மண் தள்ளும்போது ஜோசப் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். ரோஹன் பேசினார், பேச முடியாமல் அழுதார். நடிப்பு இல்லை, அதை நான் உறுதியாகச் சொல்வேன். சில நாட்களில் அந்த யோசனை மறுபடி வந்தது. மேலிடம் கேட்கிறது என்றார்கள். நான் எழுந்து பேசினேன். ரிக்‌ஷாக்காரரைப் பற்றிச் சொன்னேன், அந்த மதியத்தைப் பற்றிச் சொன்னேன். பிலோமினா அவர்களின் கேள்வியையே திரும்பக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர் கேட்டால் அடங்கும் அறை நான் கேட்டால் அடங்கவில்லை. நல்ல முடிவு வந்தவர்களுக்கு வாழ்த்து அனுப்புவது என்று முடிவாயிற்று.

கூட்டம் முடிந்ததும் ரோஹன் என்னிடம் வந்தார். என்னைத் தேற்ற நினைத்தார் என்று நினைக்கிறேன். "கவலைப்படாதீங்க, பிலோமினா எழுதின வரியை யாரும் தொட மாட்டாங்க. மத்தவங்களுக்கு அது அப்படியே போகும். அது நாம அவங்களுக்குச் செய்யற மரியாதை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் என்னவென்று விளக்குவேன்? விளக்கியாகிவிட்டது.

பிலோமினா, உங்களிடம் சொல்லாமல் இதை முடிக்க முடியவில்லை. நீங்கள் கேட்டபடி வாயைத் திறந்தேன், தோற்றுவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வாழ்த்துகள் போய்க்கொண்டிருக்கின்றன. மற்றவர்களுக்கு உங்கள் வாக்கியம் போகிறது, நாலு மொழியிலும், ஓர் எழுத்து மாறாமல். நேரம் கிடைக்கும்போது பார்க்கச் சொல்லி அன்பாகத்தான் கேட்கிறது. அதைப் பெறுகிறவர்கள் யாரும் இப்போது சேதி தெரிந்துகொள்ள ரிப்போர்ட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. போய் வாருங்கள், அம்மா.