இரண்டு பாயிண்ட் பெரிய தாய்மாமன்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை என்று எங்கள் தெருவில் சிலர் சொல்வார்கள், முடித்தேன். இன்றைக்கு மதுரையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களில் பாதிப் பேர் பெரிய படிப்புப் படித்தவர்கள். மீதிப் பாதி என்னிடம் வேலை பார்த்தவர்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆங்கிலம் எனக்குத் தெரியும், ஆனால் ஒரு தினுசாகத் தெரியும். ஈய எழுத்தில் அச்சுக் கோத்த காலத்தில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறி இருக்கும். ஆங்கிலத்தையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டேன். நேராக இருக்கிற ஆங்கிலத்தைப் படிக்கத்தான் எனக்குச் சிரமம்.

தொண்ணூறுகளின் நடுவில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் லேசர் பிரிண்டர் ஒன்றையும் வாங்கிக் கடையின் முன்பக்கத்தில் வைத்தேன். அதில் தமிழ் டைப் செய்ய ஒரு வேர்ட் பிராசசர் இருந்தது. அப்போதே அது பழசு. திரையில் எல்லா எழுத்தும் ஒரே அளவில்தான் தெரியும். எது பெரியது, எது சின்னது என்பது தாளில் வந்த பிறகுதான் தெரியும். பெரியது என்றால்தான் என்ன, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநான்கு பாயிண்ட் என்று மூன்றே அளவு. யாராவது வந்து மாமன் பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னால், "மெஷின்ல இம்புட்டுத்தான்ணே இருக்கு" என்று கையை விரித்துவிடுவேன். அவரும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அது எவ்வளவு நிம்மதியான ஏற்பாடு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

எந்த அளவு சொன்னாலும் அந்த அளவில் எழுத்தை வரைந்து கொடுக்கிற சாஃப்ட்வேர் ஒன்று வந்திருக்கிறது, பழைய வேர்ட் பிராசசரோடும் அது சேரும் என்று கேள்விப்பட்டேன். வரவழைத்தேன். ஏழு ஃப்ளாப்பி, தலைகாணி தண்டிக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகம். போட்டுக் கொடுக்க ஆள் வர இரண்டு வாரம் ஆகும் என்று போனில் சொன்னார்கள். நான் இரண்டு வாரம் காத்திருக்கிற ஆளில்லை.

என்னிடம் டைப் செய்தது ஒரு சௌராஷ்டிர வீட்டுப் பெண். எங்களிடம் தமிழில் மரியாதையாகப் பேசும். என்னைத் திட்டுவதென்றால் அதன் வீட்டுப் பாஷையில் திட்டிக்கொள்ளும். எனக்குப் புரியாது என்பது அதன் எண்ணம். பாஷை புரியாவிட்டாலும் திட்டு புரியும்.

"முதலாளி, அந்தப் புஸ்தகத்தப் படிச்சுப் பாத்துட்டுப் போடலாம்" என்றது.

"படிக்க வேணாம். பாத்தாப் போதும்" என்றேன்.

நான் செய்தது இதுதான். புத்தகத்தில் திரையைப் போலப் படம் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒன்று வந்ததும், புத்தகத்தைப் புரட்டி அதே சாடையில் இருக்கிற படத்தைக் கண்டுபிடிப்பேன். அதன் கீழே என்ன பட்டனைக் காட்டியிருக்கிறதோ அதை அமுக்குவேன். மூன்று ஃப்ளாப்பி இப்படியே போனது. நான்காவதில் இடமில்லை என்று மெஷின் நின்றுவிட்டது. பெயர் விளங்காத ஒரு ஃபோல்டரைப் பார்த்தேன். நிறைய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அழித்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிறகுதான் தெரிந்தது, அதில் இருந்தது சீட்டு விளையாட்டு. மத்தியானம் நான் சாப்பிடப் போகும்போதெல்லாம் அது விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது. அழித்ததற்கு என்னைக் கேட்கவும் முடியாது, விளையாடியதை ஒத்துக்கொள்ளவும் முடியாது. அன்று முழுக்க எனக்கு வீட்டுப் பாஷையில் அர்ச்சனை நடந்தது.

சாயங்காலத்துக்குள் ஏழு ஃப்ளாப்பியும் ஏறிவிட்டன. அந்த சாஃப்ட்வேரில் ஒரு குணம். ஒரு புது அளவைச் சொன்னால், அந்த அளவில் அத்தனை எழுத்தையும் ஒவ்வொன்றாக வரைந்து வைத்துக்கொள்ளும். அதற்கு அரை மணி நேரம் ஆகும். திரையில் ஒன்று, இரண்டு என்று நூறு வரை எண்ணிக்கொண்டே போகும். அதற்குப் பிறகுதான் பிரிண்டருக்கு அனுப்பலாம். முதல் வேலையாக ஒரு தாள் முழுக்க அடைக்கிற மாதிரி ஒற்றை "அ" எடுத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன். ஓரம் பிசிறில்லாமல், வெண்ணெயில் வெட்டியது போல் இருந்தது. வந்தவர் போனவரிடமெல்லாம், "மதுரையில இது என்கிட்ட மட்டுந்தேன் இருக்கு. உங்க பேரு எம்புட்டுப் பெருசு வேணும்னு சொல்லுங்க" என்றேன். வேறு யாரிடமும் இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

இந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது.

திருமங்கலத்திலிருந்து ஒரு பெண் வந்தது. என்னை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அது தங்கச்சி. மகனுக்குக் காது குத்து. பத்திரிகை அடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்துவோம். மாமன் வரவில்லை என்றால் காதும் இல்லை, விழாவும் இல்லை. அந்தத் தங்கச்சிக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவருக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. சின்னவர் கே.கே. நகரில், மாதச் சம்பளக்காரர், பெயருக்குப் பின்னால் பட்டம் உண்டு. ஏதோ ஒரு விசேஷத்தில் தம்பிக்கு முதலில் மாலை போட்டுவிட்டார்கள் என்று மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது.

"அண்ணே, ரெண்டு பேரும் வரணும். ஒருத்தரு வந்து ஒருத்தரு வரலேன்னா எங்க வீட்ல என்னைய வாழவிட மாட்டாக. ரெண்டு பேரு பேரையும் ஒரே அளவுல போட்டுக் குடுங்க" என்றது.

"சரி தாயி" என்றேன். அதோடு விட்டிருக்கலாம்.

புரூஃப் பார்க்க முதலில் வந்தவர் சின்னவர். கதவில் இருந்த "அ"வைப் பார்த்து இது என்ன என்றார். நான் சும்மா இருப்பேனா? எந்த அளவும் வரும், ஒரு பாயிண்ட் கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார், "அப்ப என் பேரு மட்டும் ரெண்டு பாயிண்ட் கூட்டுங்க. செலவு பண்றது நான்தானே."

மறுநாள் பெரியவர் வந்தார். அவரிடமாவது வாயை மூடியிருக்கலாம். அவருக்கும் விளக்கினேன்.

"ஏய்யா, மூத்தவன் பேரும் எளையவன் பேரும் ஒரே உசரத்துல இருந்தா நல்லாவா இருக்கு? எனக்குக் கொஞ்சம் வளத்து விடு" என்றார்.

மெஷினில் இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

தாய்மாமன் ஆளுக்கு இருநூறு பத்திரிகை வாங்கித் தன் பங்கு ஆட்களை அழைப்பது அவர்கள் வழக்கம். அதில்தான் எனக்கு யோசனை வந்தது. பெரியவருக்குப் போகிற இருநூறில் பெரியவர் பெயர் இருபத்தாறு பாயிண்ட், சின்னவர் பெயர் இருபத்துநான்கு. சின்னவருக்குப் போகிற இருநூறில் அப்படியே மாற்றி. டைப்பிஸ்ட் பெண் கேட்டது:

"மாட்டிக்கிட்டா?"

"ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல. யாரு கார்டை யாரு பாக்கப் போறா?"

"கார்டு பேசிக்கிருமே முதலாளி."

நான் காதில் வாங்கவில்லை. அச்சு மெஷினுக்குப் பிளேட் இரண்டு போட்டு, இரண்டு தினுசாக ஓட்டி, கட்டிக் கொடுத்தேன். இரண்டு அண்ணன்களும் தத்தம் பெயரைத் தடவிப் பார்த்துச் சந்தோஷமாகப் போனார்கள். இதைத் தங்கச்சியிடம் நான் சொல்லவில்லை. இப்படி ஒரு மூளை அவர்கள் வீட்டில் யாருக்காவது உண்டா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

நான் யோசிக்காத ஓர் ஆள் இருந்தான். பரவையில் பெரியவர் கடையில் காய் எடுத்து, கே.கே. நகரில் தள்ளுவண்டியில் விற்கிறவன். சின்னவர் வீட்டுக்கும் காய் கொடுக்கிறவன். இரண்டு பேரும் அவனை அழைத்துவிட்டார்கள். அவன் இரண்டு கார்டையும் தக்காளிக் கூடைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுப் பெரியவரிடமே கேட்டிருக்கிறான், "அண்ணே, என்ன இது, இதுல நீங்க வளந்திருக்கீக, அதுல தம்பி வளந்திருக்காரு?" அதையே சின்னவர் வீட்டிலும் போய்க் கேட்டிருக்கிறான்.

மறுநாள் மத்தியானம் டைப்பிஸ்ட் பெண் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னது, "முதலாளி, அண்ணந்தம்பி ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டர்ல வாராங்க."

"நல்லதுதானே."

"பின்னால உக்காந்திருக்கவர் கையில ஸ்கேல் இருக்கு."

மூன்று வருடம் பேசாதவர்களை என் மேல் இருந்த கோபம் ஒரே வண்டியில் ஏற்றியிருந்தது. பெரியவர் இரண்டு கார்டையும் மேஜையில் போட்டு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தார். "அளந்து சொல்லுய்யா. யாரு பெருசு?"

"மெஷின் கோளாறுண்ணே" என்றேன். "அது சில சமயம் தானாக் கூட்டிரும்."

டைப்பிஸ்ட் பெண் தலையைத் தூக்காமலே சொன்னது, "மெஷின் நாம சொன்னதத்தான் செய்யும்." சீட்டு விளையாட்டுக்குப் பழி வாங்கிவிட்டது.

"இவன் சின்னவன்னு தெரியாதா ஒனக்கு?" என்றார் பெரியவர்.

"சின்னவன்னா சின்ன எழுத்தா?" என்றார் தம்பி. அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னார். "நான் வரல. ஒங்க அண்ணன் பெரிய மாமனா இருந்து குத்திக்கிறட்டும்னு தங்கச்சிக்குப் போன்ல சொல்லிட்டேன்."

"நானுந்தேன் சொல்லிட்டேன்" என்றார் பெரியவர்.

இரண்டு பேரிடமிருந்தும் போன் போனதும், இது என் வேலைதான் என்று தெரிந்து தங்கச்சி பஸ் பிடித்து நேராக என் கடைக்குக் கிளம்பியிருக்கிறது. இடுப்பில் பிள்ளையோடு கடைக்குள் நுழைந்தது. அழவில்லை. அழுதிருந்தால் நான் தப்பித்திருப்பேன். முதலில் என்னைப் பார்த்தது.

"அண்ணே, ஒரே அளவுன்னுதானே சொன்னேன்."

நான் ஸ்கேலை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டேன்.

அண்ணன்கள் பக்கம் திரும்பியது. "ரெண்டு பேரும் வரலேன்னா நான் குத்தவே மாட்டேன். இவன் வளந்து, ஏம்மா எனக்குக் காது குத்தலன்னு கேட்டா, ஒங்க மாமன்மாரு ஸ்கேல் வச்சு அளந்துக்கிட்டிருந்தாகன்னு சொல்லிக்கிறேன்."

பெரியவர்தான் முதலில் இறங்கி வந்தார். "சரி. ரெண்டு பேரையும் சமமாப் போடுய்யா." ஆனால் புரூஃப் எடுத்துக் காட்டினால் அதிலும் வம்பு. பெரியவர் பெயர் மூன்றே எழுத்து. சின்னவர் பெயர் பட்டத்தோடு சேர்ந்து வரி முழுக்க ஓடியது. "ஒசரம் சரி. நீளம்?" என்றார் பெரியவர்.

அந்த சாஃப்ட்வேரில் எழுத்தை உயரம் மாறாமல் அகலமாக இழுக்கவும் வழி உண்டு. "இழுத்துத் தாரேன்ணே. அரை மணி நேரம் ஆகும்" என்றேன். அகலத்தைச் சொல்லிவிட்டேன். திரையில் எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு.

என் கடையில் ஒரே ஒரு பெஞ்சு. அண்ணன் ஒரு முனை, தம்பி மறுமுனை, நடுவில் தங்கச்சியும் பிள்ளையும். டீ சொன்னேன். பத்து வரை மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபதில் பெரியவர் என்னைத் திட்ட ஆரம்பித்தார். இருபத்தைந்தில் சின்னவரும் சேர்ந்துகொண்டார். என் வாய், என் கதவில் இருக்கிற "அ", என் ஐந்தாம் வகுப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார். ஐம்பதில் என்னை விட்டுவிட்டு, அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் என்னைப் போலவே வாய் உள்ள ஓர் ஆளைப் பற்றிப் பேச்சு போனது. தம்பி சிரித்தார். அண்ணன் தன் டம்ளரில் மிஞ்சியிருந்த டீயைத் தம்பி டம்ளரில் ஊற்றினார். திரையில் எண்பத்தெட்டு.

இன்னும் பன்னிரண்டு எண்ணினால் முடிந்துவிடும். எழுந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். நான் மெதுவாக விரலை நீட்டி நிறுத்துகிற பட்டனை அமுக்கினேன். திரை திரும்ப ஒன்று என்றது.

டைப்பிஸ்ட் பெண் பார்த்துவிட்டது. வாயைத் திறக்கப் போகிறது என்று நினைத்தேன். "மெஷின் சூடாயிருச்சு போல. மொதல்ல இருந்து எண்ணுது" என்றது அவர்களிடம்.

"எண்ணட்டும். என்ன அவசரம்" என்றார் பெரியவர்.

மூன்று தரம் நிறுத்தினேன். இரண்டாவது தரத்தில் வடை வந்தது. மூன்றாவது தரம் அறுபதைத் தாண்டும்போது பிள்ளை யார் மடியில் உட்காருவது என்ற பேச்சு வந்தது. மறுபடியும் முறைத்துக்கொள்வார்களோ என்று இன்னொரு டீ சொன்னேன். தங்கச்சிதான் சொன்னது, பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் காட்டிக்கொண்டே:

"காது ரெண்டு இருக்குல்ல? வலது காதுக்குப் பெரியண்ணன் மடி. எடது காதுக்குச் சின்னண்ணன் மடி."

இந்த யோசனையை நான்தான் சொன்னேன் என்று பிற்பாடு பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். எழுத்தில் வருவதால் உள்ளதை எழுதுகிறேன்.

விழாவுக்கு நானும் போனேன். வலது காது குத்தியதும் பையன் மண்டபம் அதிரக் கத்தினான். கத்திக்கொண்டிருந்தவனைப் பெரியவர் அப்படியே தூக்கித் தம்பி மடிக்கு மாற்றினார். அங்கே போனதும் என்ன நடக்கப் போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மாமன் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதைவிட அதிகமாகக் கத்தினான். இரண்டு மாமன்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். தலையைப் பிடிக்க ஆள் போதவில்லை என்று தங்கச்சி என்னைக் கூப்பிட்டது. பிடித்தேன். கையைக் கடித்தான்.

பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்றும்போது தங்கச்சி குனிந்து மெதுவாகச் சொன்னது:

"அடுத்த புள்ளைக்கும் நீங்கதான் பத்திரிகை அடிக்கணும்ண்ணே. ஆனா எங்க அண்ணன்மாருகிட்ட மெஷினப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது."

சரி என்றேன். எதிர் வரிசையில் சின்னவரின் மாமனார் உட்கார்ந்திருந்தார். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்து நல்லா இருக்கே, எங்கே அடித்தீர்கள் என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் இலையை மடித்துவிட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.