மேடைக்கு வாத்தியம், வாசலுக்கு மாயாண்டி

செரம்பானை அடுத்த மம்பா என்ற ஊரில் மாயாண்டியின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் நடக்க வேண்டும். கூடத்தில் பாதியை டபுள் பேஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது. வயலின் குடும்பத்தைச் சேர்ந்த வாத்தியம்தான். ஆனால் ஆள் உயரத்துக்கும் மேல். நின்றுகொண்டு, தோளோடு அணைத்தபடிதான் வாசிக்க முடியும். அது உறையோடு வந்து இறங்கிய அன்று, பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னா மயிலு, ஒன் வீட்டுக்காரரு உசுரோட இருக்கும்போதே பொட்டி வாங்கிட்டாரா?"

மாயாண்டியின் மனைவி மயிலம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே கோயிலில் மந்திரித்த எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து பேஸின் கழுத்தில் கட்டினாள். பழம் அழுகிக் கம்பியில் ஒழுகியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கெட்டது வரும் என்று பயந்தவர்கள் தப்பான திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாயாண்டிக்குக் கெட்டது செய்தவர்களில் ஆவி எதுவும் இல்லை. எல்லாரும் சலவைச் சட்டை போட்ட மனிதர்கள்.

மாயாண்டிக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. போர்ட்டிக்சன் சாலையில் ஒரு காலத்தில் இருந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கம்பெனி வைத்த பெயர் வேறு. தமிழர்கள் இரட்டைப்பாலத் தோட்டம் என்றார்கள். அங்கேயே பால்மரம் வெட்டினார், அங்கேயே மணம் முடித்தார். நிலத்தை வீடு கட்டும் நிறுவனம் ஒன்றுக்கு விற்றபோது, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு மாற்று வீடு தருவதாகச் சொன்னார்கள். வீடு வரவில்லை. போகாதவர்களின் தண்ணீர்க் குழாயை அடைத்தார்கள். பிறகு மின்சாரத்தை வெட்டினார்கள். மாயாண்டி குடும்பம் கடைசிவரை இருந்தது. கைக்குழந்தையை மயிலம்மாள் இடுப்பில் வைத்துக்கொள்ள, அவர் சாலையோரக் கடையிலிருந்து தண்ணீர் சுமந்தார். கடைசியில் மண் தள்ளும் இயந்திரம் லயத்து வாசலுக்கே வந்து நின்றது.

அதற்குப் பிறகு போர்ட்டிக்சனில் ஒரு ஹோட்டலில் சாமான் அறைக்காரர் வேலை. அந்த ஹோட்டல் தன் இசைக்குழுவைக் கலைத்தபோது, உடைந்த நாற்காலிகளோடு பேஸையும் எறியச் சொன்னார்கள். மாயாண்டி எறியவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டார். அதை வாசித்துக்கொண்டிருந்த லிம் என்ற சீனப் பெரியவர், "நீ வச்சு என்ன செய்யப்போற?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். சிரித்தவரே பிறகு வில் பிடிக்கவும் நோட்டு படிக்கவும் கற்றுக்கொடுத்தார். ஏன் இதைப் பிடித்தீர்கள் என்று கேட்டால் மாயாண்டி சொல்வார்: "மத்ததெல்லாம் காதுல கேக்குது. இது வயித்துல கேக்குதுலா."

லிம்தான் அவரைச் செரம்பானில் ஒரு பொழுதுபோக்கு இசைக்குழுவுக்கு அழைத்துப்போனார். மாயாண்டி அப்போது சுங்கை காடுட்டில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து, ரப்பர் வாடை போகக் குளித்துவிட்டு, வியாழக்கிழமை தோறும் ராசா பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்துக்குப் போவார். குழுவில் பல் மருத்துவர், வழக்கறிஞர்கள், ஆசிரியைகள் இருந்தார்கள். தோட்டத்தில் பிறந்தவர் இவர் ஒருவர்தான். பேஸ் வைத்திருந்தவரும் இவர் ஒருவர்தான். அதனால் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் பெரிய வாசிப்பாளர் இல்லை. சுருதி சில சமயம் இறங்கிவிடும். வேகமான இடங்களில் நாலு சுரத்துக்கு இரண்டு சுரம்தான் வரும். ஆனால் பிசகு ஒரு குற்றம் என்றால், அந்தக் குழுவின் வயலின்காரர்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பல் மருத்துவரின் புல்லாங்குழலைக் கேட்டவர்களுக்குப் பல் வலித்தது. அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

குழுவை நடத்துபவர் இராசரத்தினம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டக் கணக்கெழுத வந்த கிராணி குடும்பம். அவருடைய தந்தைதான் இரட்டைப்பாலத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். இராசரத்தினம் கெட்டவர் இல்லை. மாயாண்டியைப் பார்த்தால் நலம் விசாரிப்பார், தேநீர் வாங்கிக் கொடுப்பார். ஆனால் குழுவில் மற்றவர்கள் எல்லாரும் டாக்டர், மிஸ்டர், மேடம். மாயாண்டி மட்டும் மாயாண்டி.

இராசரத்தினம் பேசினால் மாயாண்டி எழுந்து நிற்பார். அதைப் பணிவு என்று பாராட்டுகிறவர்கள், அந்தப் பணிவு எங்கே தயாரானது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்று ஒன்று நடக்கும். ஆட்கள் வரிசையாக நிற்க, கிராணி பெயர் கூப்பிட்டு, இன்று யாருக்கு எந்த நெரை என்று மரவரிசையைப் பிரித்துக் கொடுப்பார். கேட்டவன் "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். ஒரு கேள்வி கேட்டவனுக்கு மறுநாள் மேட்டு நெரை. வழுக்கும் சரிவில், பால் வற்றிய மரங்களில் ஏறி இறங்கி அவன் சாக வேண்டும். அப்படி வளர்ந்த ஒருவனுடைய வாயில், காது கேட்டு முடிக்கும் முன்பே சரி வந்துவிடும். மூளை பிறகுதான் வந்து சேரும்.

போன வருடம் குழு ஒரு பெரிய நிகழ்ச்சிக்குத் தயாரானது. "தோட்ட மக்களுக்கு இசை வணக்கம்" என்று பெயர். முதல் பாட்டு, தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாடிய ஒரு தாலாட்டு மெட்டு. அதில் பேஸ் தனியாகத் தொடங்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் வயலின்கள் வந்து சேரும். இத்தனை வருடமும் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்த மாயாண்டிக்கு, அரங்கம் முழுவதும் அவரை மட்டும் கேட்கப்போகும் நேரம் அது. பேஸின் ஊசிக்கால் தரையில் வழுக்காமல் இருக்கப் பழைய சிலிப்பர் துண்டைப் போட்டு, கூடத்தில் மாதக்கணக்கில் அதையே பழகினார். மயிலம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சமைத்தாள்.

நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒத்திகை முடிந்ததும் இராசரத்தினம் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"மாயாண்டி, உம்மோட ஒரு விசயம் கதைக்கவேணும். இந்தமுறை கொன்சர்ட் பெரிசு. மினிஸ்டர் வாறார். எங்கட தர்ஷிகா, என்ர தம்பியின்ர பேத்தி, நீலாயில மியூசிக் படிக்கிறாள். அவள் வாசிக்கட்டும். உம்மட பேஸை மட்டும் தாரும்."

மாயாண்டி நின்றுகொண்டிருந்தார்.

"உம்மை விட்டிடேல்லை. உமக்கு முக்கியமான வேலை இருக்கு. வாசலில ஒரு ரப்பர் மரம் செய்து வைக்கினம். நீர் பழைய தோட்ட உடுப்போட, தலையில விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியோட நிக்கவேணும். வாற ஆக்கள் படம் எடுப்பினம். உம்மைப்போல ஒரிஜினல் ஆள் எங்களிட்ட வேற ஆர் இருக்கினம்?"

"சரிங்கய்யா" என்றார் மாயாண்டி.

வீட்டில் மயிலம்மாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். இலை காம்போடு சட்டியில் விழுந்தது.

"சரின்னுட்டீங்களா?"

"வாய் தவறி வந்துருச்சு."

"கிராணி வீட்டு நாயி கொலைச்சாலும் உங்க வாயி சரிங்கய்யான்னுதான் தவறும். எங்கிட்ட ஒரு நாளாச்சும் தவறியிருக்கா?"

"அந்தப் புள்ள நல்லா வாசிக்கும் புள்ள."

"வாசிக்கட்டும். அதுக்கு நீங்க ஏன் வாசல்ல நிக்கணும், வாளியத் தூக்கிக்கிட்டு? போன் போட்டு முடியாதுன்னு சொல்லுங்க."

"சொன்ன சொல்ல எப்படி மாத்துறது?"

"ஆமா, மகாராஜா சத்தியம் பண்ணிட்டாரு."

அவர் போன் போடவில்லை. சொன்ன சொல் மாறக்கூடாது என்ற ஒழுக்கம் இந்த ஊரில் யாரிடம் மட்டும் எதிர்பார்க்கப்படுகிறது என்று யோசிக்க வேண்டும். மாற்று வீடு தருவதாகச் சொன்ன சொல் மண் தள்ளும் இயந்திரத்தின் அடியில் புதைந்து கிடக்கிறது. அதைச் சொன்னவர்கள் யாரும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

நிகழ்ச்சி நாளன்று, பழைய தோட்டத்துக் கூட்டாளி தங்கராஜு தன் காய்கறி வேனில் பேஸை ஏற்றிக்கொண்டார்.

"மெதுவாலா! சுரக்கா மூட்டையா இது?" என்று மாயாண்டி பதறினார்.

"சுரக்கான்னா பாசார்ல விக்கலாம். இதை யாருய்யா வாங்குவா?"

அரங்கத்தில் மாயாண்டியே பேஸை மேடைக்கு உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். தர்ஷிகா ஓடி வந்தாள். மரியாதை தெரிந்த பெண். வில்லை இழுத்துப் பார்த்தாள். ஒரே இழுப்பில் தாலாட்டு வந்தது. தான் மாதக்கணக்கில் தேடிய சத்தம் அது என்று மாயாண்டிக்குத் தெரிந்தது.

"அங்கிள், சூப்பர் பேஸ். உங்களுக்கு ஓகேதானே? வாசிக்க விருப்பம் இல்லாமத்தான் எனக்கு விட்டுக்கொடுத்தீங்கன்னு தாத்தா சொன்னாரு."

மாயாண்டி வாசலுக்குப் போனார்.

அங்கே பூச்சு வேலை செய்த மரம் ஒன்று நின்றது. ஏற்பாட்டுக்காரப் பெண் காக்கி அரைக்கால் சட்டையும் தலைவிளக்கும் கொடுத்தாள். பால் பிடிக்க மரத்தில் கட்டிய மங்கில் தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தார்கள். மாயாண்டி கால் தெரிய நின்றார். சீமாட்டிகள் வந்து தோளோடு தோள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "சிரிங்க அங்கிள், கத்திய மரத்துல வைங்க" என்றாள் அந்தப் பெண். அவர் சிரித்தார், கத்தியை வைத்தார். ஒரு கனவான் தன் மகனிடம், "பார், இவங்கதான் நாட்டைக் கட்டினவங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மாயாண்டியின் பெயரைக் கேட்காமலே உள்ளே போனார்.

மரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பதாகை. மூன்று மொழியில். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த வீடு கட்டும் நிறுவனத்தின் சின்னம் கீழே இருந்தது. இரட்டைப்பாலத் தோட்டத்தை வாங்கிய அதே நிறுவனம். படம் எடுப்பவர் விளக்கைச் சரிசெய்யப் போன இடைவெளியில்தான் மாயாண்டி அதைத் திரும்பிப் படித்தார்.

"வளர்ச்சிக்காக மனமுவந்து நிலத்தை விட்டுக்கொடுத்த தோட்ட மக்களுக்கு எங்கள் நன்றி."

மனமுவந்து. சற்று முன் தர்ஷிகா கேட்டதும் இதைத்தானே? வாசிக்க விருப்பம் இல்லாமல் நீங்களே விட்டுக்கொடுத்தீர்களாமே என்று. இவர்கள் பிடுங்கிக்கொண்டதற்கெல்லாம் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

மாயாண்டி வாளியைத் தரையில் வைத்தார். அரைக்கால் சட்டையோடு, நெற்றியில் எரியும் விளக்கோடு, அரங்கத்தின் நடுவழியாக நடந்து மேடை ஏறினார். தர்ஷிகாவிடம், "தாம்மா, ஒம்மேல கோவம் இல்ல" என்றார். பேஸைத் தூக்கி உறையில் போடத் தொடங்கினார்.

இராசரத்தினம் ஓடி வந்தார். "மாயாண்டி! உமக்கென்ன பிடிச்சுது? சரியெண்டு சொன்னனீர்தானே?"

"சொன்னேங்கய்யா. தப்பா சொல்லிட்டேன்."

"மினிஸ்டர் கார் கேற்றுக்கு வந்திட்டுது. நான் என்னத்தைச் சொல்ல?"

"பெரட்டுக்கு ஆளு வரலேன்னு சொல்லுங்க."

அவர் பேஸை உருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது முன்வரிசையில் சிலர் கை தட்டினார்கள். அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் மார்தட்டிக்கொள்ளலாம். வாழ்க்கை அப்படி முடிவதில்லை. மாயாண்டி இல்லாமல் நிகழ்ச்சி நடந்தது. பேஸ் பகுதியை யாரோ கீபோர்டில் வாசித்தார்கள். அமைச்சர் கண் கலங்கினார் என்று மறுநாள் செய்தி வந்தது. அரங்கத்தில் ஒருவர்கூட பேஸ் எங்கே என்று கேட்கவில்லை. வாசலில் வாளியோடு நிற்கத் துப்புரவுப் பணியாளர் ஒருவரைப் பிடித்தார்களாம். அவர் வங்காளதேசத்துக்காரர். படங்கள் நன்றாகவே வந்திருந்தன.

குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து மாயாண்டியின் எண்ணை அன்றே எடுத்துவிட்டார்கள். செரம்பானில் அவரைச் சேர்த்துக்கொள்ள வேறு குழு இல்லை. கோலாலம்பூர் குழு ஒன்றில் கேட்டுப் பார்த்தார். அவர்கள் வரச் சொன்னாலும், வாரா வாரம் போய்வரத் தங்கராஜுவின் வேன் கிடைக்காது. ரயிலில் பேஸோடு ஏறப்போனவரைக் காவலர் திருப்பி அனுப்பிவிட்டார். தனியாக வாசித்து மகிழ முடிகிற வாத்தியமாக இருந்தாலாவது பரவாயில்லை. பேஸ்காரருடைய தாளில் பாதி வெற்றிடம். மற்றவர்கள் வாசிக்கும்போது எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த மற்றவர்கள் இல்லையென்றால் அதில் பாட்டே இல்லை. மானம் கையில் மிஞ்சியது, இசை போய்விட்டது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஏழையிடம் சொல்கிற ஊரை என்னவென்று சொல்வது? பல் மருத்துவருக்கு இரண்டும் இருக்கிறது.

சென்ற மாதம் தர்ஷிகா வீடு தேடி வந்தாள். நடந்தது தனக்குத் தெரியாது என்று அழுதாள். தாத்தா ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருந்தார். மாயாண்டி வந்து எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.

"கேட்டுருங்க" என்றாள் மயிலம்மாள், தர்ஷிகா போன பிறகு.

மாயாண்டி நிமிர்ந்து பார்த்தார். "நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். வியாழக்கெழமையானா நீங்க சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறத என்னால பாக்க முடியல."

"என்னான்னு கேக்கறது? எதுக்கு மன்னிப்பு?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமைகளில், ஒத்திகை நேரத்துக்கு, மாயாண்டி கூடத்தில் பேஸை நிமிர்த்துகிறார். தாலாட்டின் தொடக்கத்தைத் தனியாக வாசிக்கிறார். வயலின்கள் வர வேண்டிய இடம் வந்ததும் வில்லை நிறுத்தி, வாய்விட்டு எண்ணுகிறார். எண்ணி முடிந்த இடத்தில் மறுபடி தன் பங்கை வாசிக்கிறார். கடைசிவரை இப்படியே போகிறது. இராசரத்தினத்துக்கு அவர் இன்றுவரை பதில் அனுப்பவில்லை.