வாகனம் வராத தெருக்கள்

அத்தானின் சாப்பாட்டு மேசையில் அந்த வரைபடம் ஒரு குளிர்காலம் முழுவதும் விரிந்தே கிடந்தது. சுருண்டு போகாமல் இருக்க நாலு மூலையிலும் நாலு தேத்தண்ணீர்க் கோப்பைகள். மடித்து வைக்கச் சொன்னால், மடிப்பில் தெருக்கள் அழிந்துவிடும் என்று மறுத்துவிடுவார். அக்கா சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று அவரையும் மேசையையும் மாறி மாறிப் பார்ப்பார். பிரான்சின் தெற்கே அர்தேஷ் என்ற மலைநாட்டின் வரைபடம் அது. அதில் பெரிய தெருக்கள் சிவப்பு, நடுத்தரமானவை மஞ்சள், ஒரு வாகனம் போகக்கூடிய ஒடுங்கிய தெருக்கள் வெள்ளை. வெள்ளைத் தெருக்களில் அங்கங்கே சின்ன அம்புத் தலைகள் இருக்கும். ஒன்று இருந்தால் ஏற்றம். இரண்டென்றால் கடுமையான ஏற்றம். மூன்றென்றால் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு போகிற ஏற்றம். அத்தான் சிவப்பையும் மஞ்சளையும் விலக்கி, வெள்ளையை மட்டும் பென்சிலால் தொட்டுத் தொட்டு ஒரு பாதை கோத்துக்கொண்டிருந்தார். மூன்று அம்பு கண்ட இடத்தில் பென்சில் கொஞ்சம் நின்று, பிறகு அதன் மேலேதான் போகும்.

இருபத்தாறு வருடம் 401 நெடுஞ்சாலையில் ட்ரக் ஓட்டிய மனிதர். முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் வாகனம் இல்லாத ஒரு நிமிடத்தை வேலைநேரத்தில் கண்டதில்லை என்பார். ரொறன்ரோவுக்கு வருமுன், அகதியாக வந்து இடையில் மாட்டிக்கொண்ட காலத்தில், அந்த மலையில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் கோப்பை கழுவியிருக்கிறார். லீவு நாட்களில் முதலாளியின் சைக்கிளை இரவல் வாங்கி அந்த வெள்ளைத் தெருக்களில் சுற்றியிருக்கிறார். "ஒரு மணித்தியாலம் ஓடினாலும் ஒரு கார் வராது தம்பி. உன்ரை மூச்சு உனக்குக் கேக்கும்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்ற வருடம் ஒரு நல்ல சைக்கிள் வாங்கினார். எனக்கும் ஒன்று வாங்க வைத்தார். ஞாயிறு காலையில் மார்க்கம் நகருக்கு வடக்கே, சோளத் தோட்டங்களுக்கு நடுவே போகும் தெருக்களில் ஓடுவோம். அங்கே ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இவர் மலையேறப் போகிறாராம் என்று நான் பகிடி பண்ணுவேன். சிரித்துக்கொண்டே என்னை முந்திப் போவார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

அக்காவுக்கு அந்தப் பயணத்தில் கொஞ்சமும் விருப்பமில்லை. அறுபத்து மூன்று வயதில் உது தேவையோ என்று ஒரு மாதம் சண்டை பிடித்தார். கடைசியில், நாங்கள் புறப்பட இரண்டு நாள் இருக்க, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ கூடப் போறாய் எண்டுதான் விடுறன். அந்த மனுசன் தனக்கு ஏலாட்டிலும் சொல்லாது. நான் உன்னட்டைத்தான் கேப்பன். நீ எனக்கு ஒளிக்கக் கூடாது" என்றார். ஓம் அக்கா என்றேன். பிறகு வறுத்த உள்ளியும் சீரகமும் மிளகும் இடித்த தூளை ஒரு போத்தலில் அடைத்துத் தந்தார். அத்தானுக்கு அடிக்கடி வாய்வு, அவர் கொண்டுபோக மறந்துவிடுவார் என்று.

அர்தேஷில் முதல்நாள் காலை அழகாகத்தான் இருந்தது. சொல்லாமல் விட்டால் பொய். செஸ்நட் மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்திருந்தன. முள் ஓட்டோடு காய்கள் தெருவில் விழும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. கீழே எங்கோ ஆறு. ஒவ்வொரு வளைவிலும் தெரு இன்னும் ஒடுங்கியது. ஆனால் பதினொரு மணிக்குள் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்று கிராமங்களைக் கடந்தோம், ஒரு மனிதரைக் காணவில்லை. கல்வீடுகள் எல்லாவற்றிலும் மரக் கதவு போட்ட ஜன்னல்கள், எல்லாம் பூட்டியபடி. கோடை விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்களின் வீடுகள் என்று அத்தான் சொன்னார். ஒரு தேவாலய மதிலோரம் தண்ணீர்க் குழாய் இருந்தது. போத்தலை நிரப்பும்போது பார்த்தேன், மதிலுக்கு அப்பால் சவக்காலை. அந்த ஊரில் ஆள் நிறைந்திருந்த இடம் அது ஒன்றுதான்.

அடுத்த ஏற்றத்தில் அத்தான் நின்றார். சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, இடது தோளை உருட்டினார், நெஞ்சின் நடுவை உள்ளங்கையால் அமத்தினார். முகம் வேர்த்திருந்தது, ஏற்றத்துக்கு வேர்ப்பதைவிட அதிகமாக. "வாய்வு. காலமை அந்த வெண்ணெய் பூசின பாணைத் திண்டிருக்கக் கூடாது" என்றார். நான் போத்தலைத் திறந்து அக்காவின் தூளை அவர் கையில் கொட்டினேன். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார், ஏவறை விட்டார். "பாத்தியோ" என்றார் வெற்றியோடு. எங்கள் வீட்டில் நெஞ்சுக்குள் எது குத்தினாலும் அதற்குப் பெயர் வாய்வு. தோள் உளைந்தால் வாய்வு, முதுகில் பிடித்தால் வாய்வு. ஏவறை வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. எனக்கு ஐம்பத்தொரு வயது, கணினியில் வேலை, எதையும் தேடிப் படிக்கத் தெரிந்தவன். அந்த ஏவறையைக் கேட்டு எனக்கும் நிம்மதி வந்தது.

மாலை ஆறு மணிக்கு, ரொறன்ரோவில் அக்காவின் அஜின்கோர்ட் வீட்டில் மத்தியானம், அக்கா வீடியோவில் வந்தார். எடுப்பதற்கு முன் அத்தான் என் கையைப் பிடித்தார். "அவளுக்குச் சொல்லிப்போடாதை. நித்திரை கொள்ளமாட்டாள். அங்கை இருந்து என்ன செய்யப்போறாள்?" அக்கா முதலில் அவரைப் பார்த்தார், பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "உண்மையாச் சொல்லு. அவருக்கு ஏதும் செய்யுதோ?" ஒன்றுமில்லை அக்கா, என்னைவிட நல்லா ஓடுறார் என்றேன். நாக்குக் கூசவில்லை. கடல் கடந்த நாளிலிருந்து எங்களுக்கு இதுதானே பழக்கம். அம்மா ஊரில் இறந்தபோது, கொஞ்சம் சுகமில்லை என்றுதான் எனக்கு முதலில் சொன்னார்கள். நான் வேலை இழந்து ஆறு மாதம் இருந்தேன், அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. தூரத்தில் இருப்பவருக்குக் கெட்டதைச் சொல்லாமல் இருப்பதைத்தான் நாங்கள் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் நாள் காலையில் அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். இரவு படுக்கவில்லை என்பது தலையணையைப் பார்த்தபோதே தெரிந்தது. கீழ்க் கிராமத்தில் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாய்வு மருந்து கேட்கத்தான். அவருக்குப் பிரெஞ்சு தெரியும், எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. கடைக்காரப் பெண் அவர் சொன்னதைக் கேட்டாள், ஏதோ கேட்டாள், அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வெளியே வந்து, தன் இடது கையைத் தோளிலிருந்து முழங்கைவரை தடவிக் காட்டி, மறுபடி கேட்டாள். அத்தான் தலையாட்டி மறுத்தார். பிறகு அவள் என்னைப் பார்த்து, மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் இரண்டு முறை ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "வெண்ணெய் தின்னவேண்டாமாம்" என்றார் அத்தான். நாங்கள் சைக்கிளில் ஏறிய பிறகும் அவள் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்ணெய்க்காக யாரும் அப்படி வாசலுக்கு வந்து நிற்பதில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் தெரிந்துகொண்டால் ஏதாவது செய்தாக வேண்டும், அவரை எதிர்த்துப் பேச வேண்டும். என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர், விமான நிலையத்தில் தன் குளிர் ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குப் போட்டவர். அவரிடம் நான் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அன்று மாலையும் அக்கா கேட்டார். அன்றும் ஒன்றுமில்லை என்றேன். "நீ ஏன்டா வேறை பக்கம் பாக்கிறாய்?" என்றார். வெளிச்சம் கண்ணில் அடிக்குது என்றேன்.

மூன்றாம் நாள் காலையும் ஒரு அழைப்பு வந்தது. ரொறன்ரோவில் அப்போது விடியாத நேரம், அக்கா நித்திரையில்லாமல் எழும்பியிருக்கிறார். "ஏதும் செய்யுதோ?" ஒன்றுமில்லை. போனை வைத்துவிட்டுப் புறப்பட்டோம். ஒரு சந்தியில் தெரு இரண்டாகப் பிரிந்தது. ஆற்றோரமாக மட்டமாகப் போகும் மஞ்சள் தெரு, அதில் கார்கள் போய்வந்தன, பத்துக் கிலோமீற்றரில் ஆஸ்பத்திரி உள்ள பட்டினம். மற்றது மலைக்குப் போகும் வெள்ளைத் தெரு, மூன்று அம்பு. "அத்தான், இண்டைக்குக் கீழாலை போவம்" என்றேன். அது கெஞ்சலும் இல்லை, கட்டளையும் இல்லை, நடுவில் ஒன்று. "கீழாலை போறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார். நான் அவர் பின்னால் போனேன்.

ஐந்தாவது வளைவில் இறங்கினார். விழவில்லை, ஒழுங்காக இறங்கி, சைக்கிளைப் புல்லில் கிடத்தி, தெருவோர மதிலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். உதடு நீலம். "கொஞ்சம் இருந்திட்டுப் போவம்" என்றார். நான் போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. மேலேயும் கீழேயும் பார்த்தேன். அவர் ஆசைப்பட்ட அமைதி அது. அரைமணித்தியாலம் நின்றேன், ஒரு கார் வரவில்லை. கத்திப் பார்த்தேன், மலை என் குரலைத் திருப்பித் தந்தது. அவரைத் தனியே விட்டுக் கீழே போவதா, பக்கத்தில் இருப்பதா என்று தெரியாமல் நாலு அடி போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். "போ தம்பி, நான் எங்கை போகப் போறன்" என்றார். போனேன். நாலு வீட்டுக் கதவைத் தட்டினேன், நாலும் பூட்டு. ஐந்தாவதில் ஒரு கிழவர் வந்தார். அவருடைய வான் வண்டியில் திரும்பி வந்தபோது அத்தான் அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தார். கிழவர் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றினார்.

பட்டினத்தில், ஆஸ்பத்திரி வாசலில் நின்று அக்காவுக்குப் போன் எடுத்தேன். சொல்லியிருக்க வேண்டும். "அத்தானுக்குக் கொஞ்சம் ஏலாமல் வந்திட்டுது, ஆஸ்பத்திரியிலை விட்டிருக்கு" என்றேன். பிறகு ரொறன்ரோவில் இருந்த என் மனைவியைக் கூப்பிட்டு, அக்கா வீட்டுக்குப் போய் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றேன். அவள் போய், செருப்பைக் கழற்றுமுன் நேரே சொல்லியிருக்கிறாள். ஏன் அப்படிப் பட்டென்று சொன்னாய் என்று பிறகு கோபித்தேன். "அக்கா என்னைப் பாத்துக் கேட்டவ" என்றாள்.

அந்த மூன்று நாட்களின் கதையை நான் அக்காவுக்குச் சொல்ல நாலு வருடம் எடுத்தது. செத்தவீட்டில், எல்லாம் திடீரென்று நடந்தது என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம், அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில், முதல்நாள் ஏற்றத்திலிருந்து தொடங்கி, மருந்துக்கடைப் பெண், அந்தச் சந்தி என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். எனக்குத் தாங்க முடியவில்லை, அதுதான் காரணம். அக்காவுக்காகச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும், "மூண்டு நாளும் உன்னட்டைக் கேட்டனான்" என்றார். பிறகு கீரையைக் கழுவ எழும்பிப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அக்கா மாறவில்லை, மீன்குழம்பில் தலைத்துண்டு எனக்குத்தான். போன மாதம் எனக்கு இரத்த அழுத்தம் கூடி, மருந்தை மாற்றினார்கள். அந்த ஞாயிறு நான் அக்காவுக்கு நேர் எதிரே இருந்தேன். எனக்குச் சோறு போட்டுவிட்டு, அகப்பையைக் கையில் வைத்தபடியே என் மனைவியின் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார். "எனக்கு ஒண்டுமில்லை அக்கா" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. என் மனைவி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் பதில் சொல்லும்வரை, அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.