ஒரு சில்லுத் தங்கம்

வெட்டாத பாறைக்குள் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் வெல்காம் சுரங்கத்தில் புசலெட்சோவின் உத்தியோகம். சுற்றிலும் செதுக்கி எடுத்த மாதிரிகளில் பக்கத்தில் இருப்பதை அதிகமாகவும் தள்ளி இருப்பதைக் குறைவாகவும் நம்பி, புள்ளியியல் போட்டுப் பார்ப்பாள். ஆருடம் இல்லை. ஆனால் மேலிடத்துக்கு ஆருடம்தான் பிடிக்கும்.

மூன்றாம் குழியில் தங்கம் தீர்ந்துகொண்டிருந்தது. மிச்சம், கூரையைத் தாங்குவதற்கென்று விட்டுவைத்த பாறைத் தூண் ஒன்றுதான். அதைச் சுற்றி எடுத்த மாதிரிகள் எல்லாம் பஞ்சப் பாட்டுப் பாடின. ஒன்றே ஒன்று மட்டும் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்றது. காரணம் அவளுக்குத் தெரியும். தங்கம் ஒட்டியிருக்கும் கரிப் பட்டை மெத்தென்றிருக்கும். உளி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து மாதிரித் தட்டை நிறைத்துவிடும். கெட்டிப் பாறையோ கொஞ்சம்தான் விழும். அதனால் இருப்பதைவிட அதிகத் தங்கம் இருப்பதாக எண் காட்டும். இந்தப் பாழாய்ப்போன தவறு அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. அப்படி வரும் எண்ணைக் குறைத்துத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். அவளும் குறைத்தாள். தூணை வெட்டுவது வீண் என்று வந்தது.

மேலாளர் லாபுஷாக்னே அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அந்த எண்ணை அப்படியே விடுங்க மேடம். குழி இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். ஒரு கையெழுத்துதானே?"

"தூணை எடுத்தா கூரை எது மேல நிக்கும் சார்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். உங்க வீட்டுக்காரர் டெபெல்லோ அனுபவசாலி. முதல்ல அவர் குழுவைத்தான் இறக்கப்போறேன். சந்தோஷம்தானே?"

என்னவோ உபகாரம் செய்கிற முகம் அவருக்கு. அவளுக்கு உச்சி வரை எரிந்தது.

"இல்லாத தங்கத்துக்கு என் புருஷனைப் பலி குடுக்கச் சொல்றீங்களா? வெக்கமா இல்ல? அவ்வளவு நம்பிக்கை இருந்தா நீங்க முதல்ல இறங்குங்க!"

குறைத்த எண்ணுக்குத்தான் கையெழுத்துப் போட்டாள். குழியை மூடினார்கள். எதிரே வருகிறவர் யாரானாலும் 'டுமேலா' என்று வணங்காமல் போகாத, அவள் குடியிருந்த தபோங் தெருவில், அவளைக் கண்டால் மட்டும் வேலை போன வீட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் மேலும் அவளுக்கு ஆத்திரம்தான்.

வேலை போன டெபெல்லோ சோளக் களித் தட்டைத் தள்ளினான்.

"ஒத்தக் கையெழுத்துல ஊர் வாயில மண்ணப் போட்டுட்டியேடி! இனிமே யார் மூஞ்சில நான் முழிப்பேன்? எல்லாம் படிச்ச திமிரு!"

தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கத்து. நல்லாக் கத்து. அந்தக் கூரை இறங்கியிருந்தா, இந்த வீட்ல கத்துறதுக்கு ஆள் இருந்திருக்காது."