ஒன்றாம் நம்பருக்குச் சீட்டு எதற்கு

“லேபிள் ஒட்டுறவன் மறதிக்காரன். அர்ச்சுனனுக்கு எல்லாம் மண்டைக்குள்ளயே இருக்கு லா” என்று சொல்லியபடியே, டிபன் பாத்திரத்தின் மூடியில் மனைவி நீலாவதி ஒட்டி அனுப்பிய பெயர்ப் பிளாஸ்திரியை நகத்தால் உரிக்கிறார் அர்ச்சுனன். உரித்ததைக் குப்பையில் போடுவதில்லை. மேசைக்கு அடியில் ஒட்டி வைக்கிறார். 1999ஆம் ஆண்டின் நிலவரப்படி அங்கே அவர் பெயர் நாற்பது முறைக்கு மேல் தலைகீழாகத் தொங்குகிறது.

ரந்தாவுக்குப் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் கணினிகளையும் அவற்றை இணைக்கும் கம்பிகளையும் கவனித்துக்கொள்வது அர்ச்சுனனின் தொழில். லோபாக்கில் வீடு. தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். அது எழுதுவதற்கல்ல, தோரணைக்கு. வாங்கிய நாளிலிருந்து சீவப்படாத அந்தப் பென்சிலை வைத்து அவர் இதுவரை செய்த ஒரே வேலை, முதுகு சொறிந்தது.

கம்பிகள் விஷயத்தில் அவர் முறை தனி. செர்வர் அறையில் ஒரே நிறத்தில் அறுபது கம்பிகள் பின்னிக் கிடக்கும். ஒன்றிலும் பெயர் இருக்காது. ஒவ்வொன்றாகப் பிடித்து லேசாக இழுத்து, தலையைச் சாய்த்துக் கேட்பார். “இது கணக்கெழுதுற கிராணி மேசைக்குப் போறது. இழுத்தா சோம்பேறித்தனமா வரும்” என்பார். பத்தில் ஏழு தடவை சரியாக இருக்கும். மீதி மூன்று தடவை யாருடைய கணினியாவது செத்துப்போகும்; அதற்கும் மின்னல்தான் காரணம் என்று அறிக்கை போகும்.

டிபன் பாத்திர விஷயத்தில் அந்த ஏழு கூடத் தேறாது. ஒருமுறை பக்கத்து மேசைக்காரரின் காரமான பெத்தாய்க் கொட்டைச் சம்பலை முழுதாகத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய், “இன்னைக்கு உன் கையில ஏதோ மாற்றம் தெரிஞ்சுச்சு” என்று நீலாவதியைப் பாராட்டினார். அன்று நீலாவதி கட்டிக்கொடுத்தது தயிர்ச் சோறு. பிளாஸ்திரி வழக்கம் மறுநாள் தொடங்கியது.

ஆலையில் இரண்டு நெட்வொர்க் உண்டு; கம்பி ஒன்றுதான். அலுவலகச் செய்திகளும் லோரிகளை எடைபோடும் நிறுவை நிலையத்தின் செய்திகளும் அதே கம்பியில் ஓடும். கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு செய்தியின் நெற்றியிலும் நம்பர்ச் சீட்டு ஒட்டப்படும். இந்த ஏற்பாட்டுக்கு ‘வீலான்’ என்று பெயர். ஆலைக்கே நிறுவைதான் தலை என்பது அர்ச்சுனனின் கருத்து. ஆகவே நிறுவைக்கு ஒன்றாம் நம்பரும் அலுவலகத்துக்கு இரண்டாம் நம்பரும் கொடுத்திருந்தார். கம்பியின் இரு முனையிலும் ஒரே கம்பெனியின் நீலப் பெட்டிகள் நின்று, சீட்டைப் பார்த்து அந்தந்த இடத்துக்கு அனுப்பிவந்தன.

ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் நிஜமாகவே மின்னல் விழுந்தது. பல வருடங்களாகத் தன்மேல் சுமத்தப்பட்ட பழியை மெய்யாக்க வந்ததுபோல, நிறுவையில் இருந்த நீலப் பெட்டியைக் கருக்கிவிட்டுப் போனது. செவ்வாய் காலை அர்ச்சுனன் சிரம்பானிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வாங்கி வந்து மாட்டினார். வேறு கம்பெனி. “பெட்டின்னா பெட்டிதானே” என்றார்.

இரண்டாம் நம்பர் உடனே ஓடியது. ஒன்றாம் நம்பர் வாயே திறக்கவில்லை. நிறுவைக் கணினியால் செர்வரை எட்ட முடியவில்லை. கணினி அச்சிடும் எடைச் சீட்டு இல்லாமல் ஒரு லோரியையும் உள்ளே விடக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. ஒன்பது மணிக்கு வாசலில் பதினாறு லோரிகள். வெட்டிய பழம் வெயிலில் காய்ந்தால் எண்ணெய் கெட்டுப்போகும்.

அர்ச்சுனன் கம்பியை இழுத்துக் கேட்டார். துவாரத்தில் ஊதினார். செர்வரை அணைத்து எழுப்பினார். சாம்பல் பெட்டியைச் சீனத்தில் ஒரு வார்த்தையும் மலாயில் இரண்டு வார்த்தையும் சொல்லித் திட்டினார். அது பச்சை விளக்கைச் சிமிட்டியது.

ஆலை மானேஜர் கணேசமூர்த்தி வாசலில் வந்து நின்றார்.

“அர்ச்சுனன், பதினொரு மணி வரைக்கும் பார்ப்பேன். இல்லாட்டி கே.எல். கம்பெனிலேருந்து ஆள் வரும். அடுத்த வருசக் கான்ட்ராக்டையும் அவங்களே எடுத்துக்கிறதா சொல்றாங்க.”

“அவங்க வந்து என்ன சார் செய்வாங்க? கம்பிக்கெல்லாம் லேபிள் ஒட்டுவாங்க.”

“ஒட்டட்டுமே” என்று சொல்லிவிட்டு மானேஜர் போனார்.

பத்தரைக்குச் செல்லம் வந்தார். தோட்டத்தில் ஆள்வாரியாகப் பழக்குலை எண்ணுபவர். வரிசையின் முதல் லோரியில் வந்தவர்.

“என்னா தம்பி, வில்லன் இன்னும் திருந்தலியா?”

“வில்லன் இல்லக்கா. வீலான்.”

“எதுவா இருந்தா என்ன, வேலை நடக்கல. அங்க லோரி பக்கத்துல பழம் வெட்டுற ஆறுமுகம் அண்ணன் கத்துறாரு, என்னால நிக்க முடியல.”

“அவருக்கு என்னக்கா?”

“நேத்து நான் லீவு. சுங்கை காடுட் பேக்டரியிலேருந்து வந்த புதுப் பொண்ணு எண்ணுச்சு. வெட்டுறவங்க எல்லாரும் குலைக் காம்புல நம்பர் எழுதுவாங்கல்ல, ஆறுமுகம் அண்ணன் மட்டும் எழுத மாட்டாரு. ‘நான்தான் தோட்டத்துல ஒன்னாம் நம்பரு, எனக்கெதுக்கு எழுத்து’ன்னுவாரு. வெறுங்காம்பப் பார்த்தா அவருதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்குத் தெரியுமா? நம்பர் இல்ல, யாருதும் இல்லன்னு மொத்தத்தையும் ஓரமா தள்ளிருச்சு. அவரு கூலிக் கணக்குல ஒன்னும் ஏறல.”

அர்ச்சுனன் வாயைத் திறந்தபடி நின்றார்.

“என்னா தம்பி, பசியாறலியா?”

“அக்கா, பழைய ஆளுக்குத் தெரியும். புது ஆளுக்குத் தெரியாது. அதானே?”

“அதத்தான் சொல்றேன்.”

செர்வர் பக்கம் மிச்சமிருந்த நீலப் பெட்டிக்கும் அதே தலைக்கனம் இருந்தது. இரண்டாம் நம்பருக்குச் சீட்டு ஒட்டி அனுப்பும்; ஒன்றாம் நம்பருக்கு ஒட்டாது. செர்வர் ஒட்டிக் கொடுத்ததையும் கிழித்துவிட்டுத்தான் கம்பியில் ஏற்றும். செத்துப்போன பெட்டி அதே வீட்டுப் பிள்ளை. சீட்டில்லாமல் வந்தால் ஒன்று என்று புரிந்துகொண்டது. சாம்பல் பெட்டி புதுப் பெண். சீட்டில்லாத ஒவ்வொன்றையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

அர்ச்சுனன் உட்கார்ந்து, ஒன்றுக்கும் சீட்டு ஒட்டச் சொல்லி நீலப் பெட்டிக்கு ஒரு வரி தட்டினார். பத்து ஐம்பதுக்கு நிறுவையில் பிரிண்டர் கிறீச்சிட்டது. முதல் லோரி தராசில் ஏறியது.

மானேஜர் ஓடி வந்தார். “என்ன பண்ணீங்க?”

“ஒன்னுமில்ல சார்” என்றார் அர்ச்சுனன். தன் வாழ்நாளில் இவ்வளவு துல்லியமான தொழில்நுட்ப அறிக்கையை அவர் கொடுத்ததில்லை. மானேஜர் தலையாட்டி, கே.எல்.லுக்கு வேண்டாமென்று போன் போடப் போனார்.

செல்லமும் லோரிக்குத் திரும்பினார். பாதி வழியில், ஆறுமுகத்தின் வெறுங்காம்புக்கும் இவரிடமே ஒரு வழி கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். திரும்பி வந்து செர்வர் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

அர்ச்சுனன் கம்பி வெட்டும் கத்தியால் காதுப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். தரையில் குந்தி, மேசைக்கு அடியில் கையை விட்டு ஒரு பிளாஸ்திரியைப் பிய்த்தார். ‘அர்ச்சுனன்’ என்ற பெயரைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் நாக்கைக் கடித்துக்கொண்டு ‘1’ என்று எழுதி, நிறுவைக்குப் போகும் கம்பியைச் சுற்றி ஒட்டினார். பிறகு அடுத்த பிளாஸ்திரிக்காகக் கையை மறுபடி மேசைக்கு அடியில் விட்டார்.