அப்பாவின் பைக்குள் வந்த போல்ட்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்ட நான் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் இது எங்கள் வீட்டில் நடந்தது. என்னைவிட இதை அறிந்தவர் இப்போது யாருமில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அப்பாவின் கைகளில் மண்ணெண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த வாசம் அடிக்கும். கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் அவர் சிற்றூழியர். அங்கே கெடற் எனும் மாணவர் படையின் அணிவகுப்புக்கென்று முப்பது பழைய "திறீ நொட் திறீ" துப்பாக்கிகள் இருந்தன. உலகப் போரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தூக்கித் திரிந்த வகை. பிடிக்குப் பக்கத்து இரும்பில் ஒரு கிரீடமும் ஆண்டும் பொறித்திருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, அமுக்க வேண்டும். அப்படி இழுபடும் இரும்புத் துண்டுதான் போல்ட். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் தடி. அதனால் துப்பாக்கிகள் ஓர் அறையில் சங்கிலியிலும், போல்ட்டுகள் பாடசாலை அதிபரின் இரும்பு அலுமாரியிலும் இருக்கும். ஒன்றின் போல்ட்டை மற்றதில் போடக்கூடாது. தொழிற்சாலையிலேயே அதனதன் துப்பாக்கிக்குப் பொருத்தி, இரண்டிலும் ஒரே இலக்கத்தைக் குத்தியிருப்பார்கள். இலக்கம் பார்த்துச் சேர்ப்பது அப்பாவின் வேலை. "பொருத்தம் பார்க்கிற புரோக்கர் வந்திட்டார்" என்று கெடற் பெடியன்கள் கேலி செய்வார்களாம்.

ஒரு வெள்ளிக்கிழமை துடைத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் சாத்த ஓடியவர் கையிலிருந்த போல்ட்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டார்; அப்படியே மறந்து பஸ் ஏறினார். கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருமுனை இராணுவச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை மட்டும் பார்த்து விட்டுவிட்டார்கள். சனிக்கிழமை காலை, துவைக்க எடுத்த அம்மாதான் அதைக் கண்டார்.

"ஏங்க, இது என்ன?"

அப்பா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பேனைக்கத்தி வைத்திருந்த தமிழர்களையே இராணுவம் ஏற்றிப்போன யுத்த காலம் அது.

"கடல்ல வீசிட்டு வாங்க" என்றார் அம்மா.

"திங்கக்கிழமை அதிபர் எண்ணுவாரு. ஒண்ணு கொறைஞ்சா நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க."

"வச்சிருந்தா மட்டும் விருந்துக்கா வருவாங்க?"

அம்மாவே சந்திக் கடைக்குப் போய், வெள்ளவத்தையிலிருந்த, கெடற் படைக்குப் பொறுப்பான மாஸ்டருக்குத் தொலைபேசியில், "சேர், உங்க சாமான் ஒண்ணு எங்க வீட்டுல கெடக்கு" என்று மட்டும் சொன்னார். ஒரு மணித்தியாலத்தில் மாஸ்டர், தோளில் நட்சத்திரம் வைத்த கெடற் அதிகாரிச் சீருடையோடு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். போல்ட்டை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ர பொக்கற்றில இருந்தா இது பள்ளிக்கூடச் சாமான். உம்மட பொக்கற்றில இருந்தா, இதுக்கு வேற பேர் வைப்பாங்கள்."

"நானும் வாறேன் சேர்."

"நீர் என்னத்துக்கு?"

"வழியில புடிச்சா, மறந்தது நான்தான்னு சொல்ல ஆள் வேணும்ல."

அம்மா அவரைத் தடுக்கவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். சாவடியில் வண்டியை மறித்த சிப்பாய், மாஸ்டரின் தோளைக் கண்டு சல்யூட் அடித்தான். அப்பாவை மட்டும் இறக்கினான். அப்பா இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார், வெறும் துணி. ஏறச் சொன்னான்.

அதிபரின் அலுமாரிச் சாவி ஒன்று மாஸ்டரிடமும் இருந்தது. அப்பா பகல் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார். "பொருத்திட்டேன்" என்றதோடு சரி.

அந்தத் துப்பாக்கிகளைப் பிற்பாடு லொறியில் ஏற்றிப் போய்விட்டார்கள். சாவடி இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. அப்பா பயந்த மனிதர் என்று உறவினர்கள் சொல்வதுண்டு, நான் ஒத்துக்கொள்வதில்லை.

அந்தச் சனிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அம்மா அப்பாவின் காக்கிக் காற்சட்டைகள் மூன்றையும் எடுத்து, பைகளைத் தைத்து மூடினார்.